உலோகத்தில் ஒரு பிளாஸ்டர் துப்பாக்கி: சென்னையில் செய்வதும் பழசாக்குவதும்

விண்வெளிப் படங்களில் வரும், ஒளிக்கற்றை பாய்ச்சும் பிளாஸ்டர் (blaster) துப்பாக்கியை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் வடிவத்தில் கோட்டை விடுவதில்லை. அளவு சரியாக இருக்கும், நிறமும் சரியாக இருக்கும், ஆனாலும் கையில் எடுத்த உடனே பொம்மை என்று தெரிந்துவிடும். எடை போதாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன் மேல் இருக்கும் கீறலும் கறையும் ஏன் அங்கே வந்தன என்று கேட்டால் பதில் இருக்காது. கண்ட இடத்தில் வெள்ளி பெயின்டைத் தொட்டு வைத்திருப்பார்கள், மீதி இடத்தில் கறுப்பைப் பூசித் துடைத்திருப்பார்கள். நம் கண்ணுக்கு ஒரு பொருள் எப்படித் தேயும் என்று நன்றாகவே தெரியும், சொல்லத் தெரியாவிட்டாலும் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அதனால் இந்த வேலை முழுவதிலும் நான் பிடித்துக்கொள்ளும் ஒரே விதி இதுதான்: ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இந்த விதி ஒன்றும் புதிதில்லை. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் முதல் படத்தைப் பாருங்கள். ஹான் சோலோ வைத்திருப்பது மவுசர் சி96 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி, 1896 வாக்கில் உற்பத்திக்கு வந்தது. அதன் மேல் ஹென்சோல்ட் கம்பெனியின் பழைய வேட்டைத் தொலைநோக்கி ஒன்றை ஏற்றி, முனையில் எம்ஜி 81 என்ற விமான இயந்திரத் துப்பாக்கியின் கூம்பு மூடியை மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கவசப் படைவீரர்கள் கையில் இருப்பது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கி. ஒளிவாளான லைட்சேபரின் கைப்பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் பிடி. அந்தப் படத்தின் செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் பழைய சாமான்களைத் தேடி எடுத்து இப்படிச் சேர்த்ததற்குப் பணப் பற்றாக்குறையும் ஒரு காரணம். ஆனால் விளைவு என்ன? அந்தத் துண்டுகள் எல்லாம் ஏதோ ஒரு வேலைக்காக ஒரு பொறியாளர் வரைந்தவை. அந்த அக்கறை திரையில் தெரிகிறது.

நமக்கு நிஜத் துப்பாக்கி எதுவும் வேண்டாம், அந்தப் பக்கமே போகக்கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, போலித் துப்பாக்கியைச் சுடக்கூடிய துப்பாக்கியாக மாற்றுவதை உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. அதனால் நம் பிராப் (படத்துக்கான போலிப் பொருள்) எந்த வகையிலும் மாற்ற முடியாததாக, ஆரம்பத்திலேயே கெட்டியாக இருக்கட்டும். குழல் முழுக்கத் திடமான ராடு. முனையில் மட்டும் பார்வைக்கு 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. உள்ளே தோட்டா அறை கிடையாது, சுடும் ஊசி கிடையாது, அசைகிற இயந்திரம் கிடையாது. ட்ரிகர் மட்டும் ஒரு ஸ்பிரிங்கில் லேசாக அசைந்தால் போதும்.

முதலில் அட்டை

நேராக லேத் பட்டறைக்கு ஓடாதீர்கள். துப்பாக்கியின் பக்கவாட்டுக் காட்சியை நிஜ அளவில் வரைந்து ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்து, சன்போர்டில் (லேசான தடித்த அட்டை) ஒட்டி வெட்டி, சில நாள் கையில் பிடித்துப் பாருங்கள். திரையில் பார்த்து எடுத்த அளவு பெரும்பாலும் நம் கைக்குப் பெரிதாக இருக்கும், நடிகரின் கை பெரியதாக இருந்திருக்கலாம், லென்ஸும் ஏமாற்றும். பிடியின் சுற்றளவுதான் முக்கியம். நடுவிரலும் கட்டைவிரலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அது ஒருவர் தினமும் எடுத்துப் பழகிய ஆயுதமாகத் தெரியும்.

அதே கையோடு எடையையும் யோசித்துவிடுங்கள். கணக்கு சுலபம். 30 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. நீளமும் உள்ள ராடு ஏறத்தாழ 141 கன சென்டிமீட்டர். அலுமினியத்தில் அது 380 கிராம் சொச்சம், இரும்பில் 1.1 கிலோ, பித்தளையில் 1.2 கிலோ. நிஜ மவுசரே மொத்தமாக ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும் அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். முழுக்க இரும்பில் செய்தால் மூக்கு கனத்துக் கீழே சாயும், அதைப் பிடிக்கிற கை நடுங்கும், நடுங்கினால் படத்தில் எடுபடாது. என் பரிந்துரை: உடலும் குழலும் அலுமினியம், முனை வளையம் இரும்பு, சின்னச் சின்ன அலங்காரம் பித்தளை, பிடி மரம். எடையின் மையம் ட்ரிகருக்கு நேர் மேலே விழும்படி பாகங்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

உலோகம் வாங்குவதும் கடைசலும்

பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் ராடு, தகடு, பட்டை எல்லாம் கிலோ கணக்கில் கிடைக்கும். வெறுமனே அலுமினியம் என்று கேட்காமல் ஹெச்.இ.30 என்று கேளுங்கள். 6082 கலவைக்கு இங்கே புழங்கும் பெயர் அது. லேத்தில் சுத்தமாக வெட்டும், மரை நிற்கும். ஜன்னல் பிரேமுக்கு வரும் ஹெச்.இ.9 கொஞ்சம் மென்மையானது, பிசுபிசுவென்று வெட்டும், தகடு மாதிரி தட்டையான பாகத்துக்கு அது பரவாயில்லை. கடையில் வெட்டித்தரும் மிச்சத் துண்டுகள் இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கினால் செலவு பாதியாகும்.

கடைசல் வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி எஸ்டேட், பாடி என்று போனால் சின்னப் பட்டறைகள் ஏராளம். பெரிய கம்பெனி வேலை எடுக்கும் இடங்களில் ஒற்றைப் பீஸுக்கு மதிப்பு இருக்காது. ஒரே ஒரு லேத், ஒரு மில்லிங் வைத்துக்கொண்டு அவரே ஓட்டும் ஆளைத் தேடுங்கள். "என்னா தம்பி, இன்னாத்துக்கு இது?" என்று கட்டாயம் கேட்பார். ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். படத்தைப் போனில் காட்டுங்கள், "உள்ள ஓட்டை வேணாம்ணா, ஷோவுக்கு மட்டும்தான், முழுசா சாலிட்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். துப்பாக்கிக் குழல் மாதிரி ஒன்றை எதற்கு என்று தெரியாமல் எந்த நல்ல பட்டறைக்காரரும் கடையமாட்டார், கடையவும் கூடாது. விஷயம் புரிந்துவிட்டால் பெரும்பாலானோர் ஆர்வமாகிவிடுவார்கள்; நர்லிங் (பிடிப்புக்கான சொரசொரப்பு வரிகள்) எவ்வளவு நுணுக்கமாக வேண்டும், விளிம்புக்கு எத்தனை டிகிரி சாம்ஃபர் (சாய்வு வெட்டு) என்று அவர்களே யோசனை சொல்வார்கள். அந்த யோசனையைக் கேளுங்கள். இருபது வருடம் இயந்திரப் பாகம் கடைந்த ஒருவர் "இங்க ஒரு பள்ளம் இருந்தா நல்லா இருக்கும்" என்றால், நிஜப் பாகங்களில் அங்கே பள்ளம் இருக்கும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

வரைபடத்தில் அளவுகளை மில்லிமீட்டரில், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இடத்தை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள், அங்கேதான் அவர் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தில் அரை மில்லி கூடக் குறைய இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

பாகங்கள் தேடுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, இதற்குச் சென்னையை மிஞ்ச ஊர் இல்லை என்றே சொல்வேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்களுக்கு நடுவில் நடந்தாலே போதும். கார்புரேட்டரின் உடலில் வரும் சின்னச் சின்ன வளைவுகள், ஸ்பீடாமீட்டர் கேபிளின் முறுக்கிய உறை, பிரேக் லைனின் பித்தளை நட்டு, ஸ்பார்க் பிளக்கின் அறுகோண இடுப்பு, புல்லட் வண்டியின் ஏதோ ஒரு மூடி. எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று பார்க்காதீர்கள், இது துப்பாக்கியில் இருந்தால் என்ன வேலை செய்யும் என்று பாருங்கள். குளிர்விப்பதா, பூட்டுவதா, மின்சாரம் ஏற்றுவதா, குறிபார்ப்பதா? பதில் வராத பாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஹீட் சிங்க் கிடைக்கும். அலுமினியத்தில் வரிசையாக மடல் மடலாக இருக்கும் அந்தத் துண்டைக் குழலின் கீழே பொருத்தினால், இந்தத் துப்பாக்கி சூடாகும், அதைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பவருக்கு உடனே புரிகிறது. அதே தெருவில் பழைய உலோக டாகிள் சுவிட்ச், வட்டமான கனெக்டர் சாக்கெட் எல்லாம் பாருங்கள். விளக்கு வைக்க விரும்பினால் 3 மி.மீ. சிவப்பு எல்இடி ஒன்று போதும். லேசர் வைக்கவே வைக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

காயலான் கடையையும் விட்டுவிடாதீர்கள். பம்பு ஸ்டவ்வின் பித்தளை பர்னர், தையல் மிஷினின் நூல் இறுக்கும் குமிழ், பழைய பிரஷர் குக்கரின் பேக்லைட் பிடி, உடைந்த எஸ்எல்ஆர் கேமரா லென்ஸின் ஃபோகஸ் வளையம். கடைசியாகச் சொன்னதைத் தொலைநோக்கியின் முனையில் ஏற்றினால், அதிலுள்ள எண்களும் கோடுகளும் எந்த ஸ்டிக்கரும் தர முடியாத நம்பகத்தைத் தரும். ஆனால் அதில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள், பார்ப்பவர் கவனம் அதிலேயே போய் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜிங்க் பூசிய ஜி.ஐ. பைப்பையோ முலாம் பூசிய பாகத்தையோ வெல்டிங் செய்யக்கூடாது, கேஸ் சுடரில் காய்ச்சவும் கூடாது. ஜிங்க் புகையை இழுத்தால் காய்ச்சலும் உடல் நடுக்கமும் வரும். பழைய பாகங்களை எல்லாம் ஸ்க்ரூவால் இணையுங்கள், வெல்டிங் வேண்டியதில்லை.

கையால் செய்ய வேண்டியது

வீட்டில் ஒரு வைஸ், நல்ல அரம் இரண்டு, ஹாக்ஸா, ஒரு டிரில், மரை போடும் டேப் செட் இருந்தால் மீதியை நீங்களே முடிக்கலாம். அலுமினியத்தை ராவும்போது துகள் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும். ராவுவதற்கு முன் அரத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துக்கொண்டால் அடைக்காது. மரை போடும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது டபிள்யூடி-40. எம்4 (4 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூவுக்கு 3.3 மி.மீ. துளை, எம்3க்கு 2.5, எம்5க்கு 4.2. டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று விட்டு விட்டுத் திருப்புங்கள், அவசரப்பட்டால் டேப் உள்ளேயே உடையும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. பெஞ்ச் கிரைண்டரில் அலுமினியத்தைக் காட்டாதீர்கள். கல்லில் ஒட்டி அடைத்து, சூட்டில் கல் வெடிக்கும் அபாயம் உண்டு, இரும்புப் பொடியோடு அலுமினியப் பொடி சேர்ந்தால் தீப்பொறியில் பற்றவும் செய்யும்.

ஸ்க்ரூ விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் முடிந்த துப்பாக்கியில் கண் முதலில் போகிற இடம் அதுதான். பழைய காலத் தோற்றம் வேண்டுமென்றால் ஒற்றைக் கோட்டுத் தலை ஸ்க்ரூ. பிளஸ் தலை போட்டால் மர அலமாரி ஞாபகம்தான் வரும். இல்லையென்றால் தலையில் அறுகோணக் குழி உள்ள கறுப்பு ஹை டென்சைல் அலன் ஸ்க்ரூ, அது ஏற்கெனவே கறுப்பாக வருவதால் மேற்கொண்டு வேலை இல்லை. ஆனால் நம் ஊர்க் கடல் காற்றில் இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்துக்குள் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உப்பீரம் புகுந்து வெள்ளைப் பொடி கிளம்பும், நாளாக நாளாகக் கழற்றவே வராது. திருவான்மியூர், பெசன்ட் நகர், காசிமேடு என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித்தான் ஏற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 ஸ்க்ரூ போட்டாலும் அதற்கும் கிரீஸ் உண்டு.

பிடிக்குத் தேக்கு. ஆசாரியிடம் கேட்டால் கதவு வேலையில் மிஞ்சிய துண்டு கிடைக்கும். 120, 220, 400 என்று உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று தடவை ஏற்றுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் கொடியில் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

பழசாக்குவது

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு கதை எழுதுங்கள். நீளமாக வேண்டாம், அரைப் பக்கம் போதும். இதை வைத்திருப்பவர் வலது கையா இடது கையா? உறை தொடையிலா, இடுப்பிலா? தூங்கும்போது எங்கே வைப்பார்? மழையில் அலைந்தவரா, மணலிலா? என் கதையில் அவர் வலது கைக்காரர், தொடையில் தோல் உறை, இரவில் துப்பாக்கியை இடப்பக்கம் கீழே படும்படி மேசையில் வைப்பவர். இதிலிருந்து தேய்மானம் தானாக வருகிறது: உறைக்குள் போய் வருவதால் குழல் முனையின் விளிம்பும் தொலைநோக்கியின் வெளிப்பக்கமும் உலோகம் தெரியத் தேய்ந்திருக்கும். மேசையில் படும் இடது பக்கத்தில் நீளமான மெல்லிய கீறல்கள், ஆனால் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்களில் மட்டும். கட்டைவிரல் தொடும் சுவிட்ச் பளபளக்கும். விரல் எட்டாத மூலைகளில் அழுக்கு தங்கியிருக்கும். கழற்றி மாட்டிய ஸ்க்ரூவின் கோட்டில் மட்டும் வெள்ளைக் கீறல், கழற்றாத ஸ்க்ரூ சுத்தமாக இருக்கும்.

அப்புறம் வெளியே போய்ப் பாருங்கள். மாநகரப் பேருந்தில் ஏறும் இடத்துக் கம்பியில் பெயின்ட் எங்கே போயிருக்கிறது, எந்த உயரத்தில் நிற்கிறது, ஓரம் எப்படி மங்குகிறது? பழைய தையல் கடையில் சிங்கர் மிஷினின் கறுப்பு, துணி ஓடும் பாதையில் மட்டும் எப்படிப் பழுப்பாகித் தேய்ந்திருக்கிறது? செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் இருக்கின்றன, மரமும் உலோகமும் சேரும் ஓரத்தை மட்டும் நின்று பாருங்கள். கைபட்டுத் தேய்ந்த விளிம்பு படிப்படியாக மங்கும், மோதிப் பெயர்ந்த விளிம்பு கூர்மையாக உடைந்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் செய்யத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உலோகத்தில் செய்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்தவர் உலோகம் தெரிவது போல வெள்ளியைத் தீட்ட வேண்டும், நமக்கு மேலே இருப்பதை எடுத்தால் போதும், கீழே நிஜமாகவே உலோகம் இருக்கிறது. அலுமினியத்தை 320 தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, கை படாமல் சீக்கிரமாக எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் அடித்தால் அதற்குள் மேலே ஆக்சைடு படலம் வலுத்துவிடும், பிடிப்புக் குறையும். பிரைமர் சாம்பல் நிறமாக இருக்கட்டும். மஞ்சள் நிறப் பிரைமர் என்றால் கறுப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் மஞ்சள் கோடு தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தந்திரம்: பெயின்ட் பெயர வேண்டும் என்று கதையில் முடிவு செய்த விளிம்புகளில் மட்டும் மெல்லிய டேப்பை ஒட்டிப் பிரைமர் படாமல் விட்டுவிடுங்கள். பிரைமர் இல்லாத இடத்தில் கறுப்பு சரியாகப் பிடிக்காது, நகத்தாலும் மூங்கில் குச்சியாலும் சுரண்டினால் நிஜமாகப் பெயர்வது போலவே செதில் செதிலாக வரும்.

பெயின்ட் அடிக்க நாள் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது லாக்கர் வகை ஸ்பிரே அடித்தால் மேலே பால் மாதிரி வெளுத்துப் படரும். அக்னி நட்சத்திரத்தில் அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். தையிலிருந்து பங்குனி வரை, காலைப் பனி விலகிய பிறகு, காற்று அடங்கிய மொட்டைமாடி. அதுதான் நமக்கு ஏற்ற நேரம். மெல்லிய கோட் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம், முகமூடி கட்டாயம். பளபளப்புக் கறுப்பு வேண்டாம், அரைப் பளபளப்பான சாட்டின் வாங்குங்கள்.

நன்றாகக் காய ஒரு வாரம் விடுங்கள். பிறகு தேய்மானம். கைபட்டுத் தேய்ந்த இடங்களுக்கு 1000 தாளைத் தண்ணீரில் நனைத்து, விரலால் அழுத்தி, நிஜமாக விரல் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். உறையில் உரசும் இடத்துக்கு இன்னும் நல்ல வழி உண்டு: பெரியமேட்டில் தோல் துண்டு வாங்கி, சுருட்டி உறை மாதிரிக் கட்டி, துப்பாக்கியை அதற்குள் விட்டு எடுத்துக்கொண்டே இருங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். எங்கே தேயும் என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, அதுவே காட்டிவிடும்.

இரண்டு நிறம் வேண்டிய பாகத்துக்குக் கல்லுப்பு. கீழ் நிறம் காய்ந்த பிறகு அந்த இடத்தை நனைத்து, கல்லுப்பைக் கொஞ்சம் பொடித்துத் தூவி, காய்ந்ததும் மேல் நிறத்தை அடியுங்கள். அப்புறம் ஈரப் பிரஷால் தேய்த்தால் உப்பு இருந்த இடமெல்லாம் ஒழுங்கில்லாத வடிவில் பெயரும். சீராகத் தூவினால் தோசையில் வெங்காயம் போட்ட மாதிரி ஆகிவிடும், விளிம்பு ஓரமாக மட்டும் கொத்தாக விடுங்கள்.

அழுக்குக்கு கேமல் கம்பெனி அக்ரிலிக் பெயின்டில் கறுப்பும் பழுப்பும் கலந்து, தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் விட்டு நீர்க்கக் கரைத்து, மொத்தமாகப் பூசி, ஒரு நிமிடத்தில் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும், மேட்டில் போகும். துடைக்கும் திசை மேலிருந்து கீழ், ஏனென்றால் மழையும் வியர்வையும் அப்படித்தான் வடியும். கடைசியாக 6பி பென்சில் கரியைப் பொடித்து விரலில் தொட்டுக் கறுப்பான விளிம்புகளில் தடவித் தேய்த்தால் கறுப்பு எஃகின் மங்கலான பளபளப்பு வரும். செலவே இல்லாத இந்த ஒரு வேலை, மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகத் தோற்றத்தை மாற்றுகிறது.

இரும்பு முனை வளையத்துக்குப் பெயின்ட் வேண்டாம், சூடே நிறம் தரும். உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கி, கேஸ் டார்ச்சில் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகக் காய்ச்சுங்கள். ஏறத்தாழ 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகர்ந்து வரும். நீலம் முனையில் இருக்கும்போது நிறுத்தினால், பின்னால் ஊதாவும் பழுப்பும் தங்கிவிடும். பலமுறை சுட்டுச் சூடான குழலின் அடையாளமாக அது இருக்கும், ஏனென்றால் அது நிஜமாகவே சூட்டில் வந்த நிறம். ட்ரிகர் மாதிரி சின்ன இரும்புத் துண்டைக் கறுப்பாக்க, நீலம் தாண்டும் வரை காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள். மொட்டைமாடியில், நீளமான இடுக்கியோடு, மூடி உள்ள தகர டப்பாவில். எண்ணெய் பற்றினால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

துரு வேண்டுமென்றால் கொஞ்சமாக. இரும்பைச் சோப்பில் கழுவி எண்ணெய் போக்கி, வினிகரில் அரை மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் தெளித்தால் சில நிமிடங்களில் செம்மை படரும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலந்து மூடி வைக்காதீர்கள், தோலையும் கண்ணையும் அரிக்கும் வேறொரு அமிலம் உண்டாகும். போதும் என்றதும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு ஏற்றுங்கள். தினமும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயுதத்தில் துரு மூலைகளில்தான் இருக்கும், நட்டநடுவில் இருக்காது.

பித்தளைக்கு அம்மோனியா ஆவி. நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் இருக்கின்றன. மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் கொஞ்சம் அம்மோனியா, மேலே நூலில் தொங்கும் பித்தளை, திறந்தவெளியில் ஓரிரவு. பழுப்பும் நீலப்பச்சையும் கலந்து வரும். ரொம்ப நாள் விடாதீர்கள், அதிலும் வளைத்தோ அடித்தோ செய்த மெல்லிய பித்தளையை விடவே கூடாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் உலோகத்துக்குள் இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கினார்கள். நிறம் வந்ததும், கைபடும் மேடுகளில் மட்டும் புளியைத் தொட்டுத் தேயுங்கள். குத்துவிளக்கு விளக்குவது போலவேதான், பொன்னிறம் அங்கே மட்டும் திரும்பி வரும்.

எல்லாம் முடிந்தபின் பளபளப்பில்லாத மேட் லாக்கர் லேசாக ஒரு கோட், ஆனால் தேய்ந்த உலோகத்தின் மேலும் பென்சில் கரியின் மேலும் படாமல். அங்கே லாக்கர் பட்டால் உலோகம் சாம்பல் பெயின்ட் மாதிரி ஆகிவிடும். அந்த இடங்களுக்கு மெழுகு போதும்.

வெளியே கொண்டுபோகும்போது

இவ்வளவு நிஜமாக வந்துவிட்டால் அதற்குரிய பொறுப்பும் வருகிறது. தெருவிலோ, ரயிலிலோ, காரின் முன்சீட்டிலோ வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். பார்ப்பவருக்கும் போலீஸ்காரருக்கும் அது பிராப் என்று தெரிய வழியே இல்லை. மெட்ரோ நிலையங்களில் பையை ஸ்கேனரில் விடுவார்கள், அதனால் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. விமானத்தில் கைப்பையில் போலித் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. குறும்படத்துக்கு வெளியில் படம் எடுப்பதாக இருந்தால் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். நந்தம்பாக்கத்தில் நடப்பது போன்ற காமிக் கான் (காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் விழா) நிகழ்ச்சிக்கு எடுத்துப்போக ஆசை என்றால் அவர்களின் பிராப் விதிகளை முதலில் படியுங்கள், உலோகம் என்றாலே மறுக்கும் இடங்கள் உண்டு. அதற்கென்று சிலிக்கோன் அச்சு எடுத்து லேசான ரெசினில் ஒரு பிரதி வார்த்து, முனையில் ஆரஞ்சு பூசி அதைக் கொண்டுபோகலாம், ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டில் வைக்கும்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை இரும்புப் பாகங்களுக்கு மெழுகு பூசுங்கள், பெட்டியில் வைத்தால் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் துப்பாக்கியை அதற்குள்ளேயே விட்டுவைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் திட்டமிடாத இடத்தில் எல்லாம் துரு வந்திருக்கும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக.